காவிப் பல்லும் ஒரு சேர்க்கைப் பதிவேடும்

"நீங்க எந்த ஊரு?" என்று யாராவது கேட்டால், கேட்கிற ஆளைப் பார்த்துத்தான் நான் பதில் சொல்லிவந்தேன். பெங்களூரில் கேட்டால் தர்மபுரி. சென்னையில் கேட்டால் பெங்களூர். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் கேட்டால் "பாப்பாரப்பட்டி பக்கம்" என்று சொல்லிவிட்டு, காசைக் கொடுத்து நடையைக் கட்டிவிடுவேன். நின்றால் அடுத்த கேள்வி வரும்: "பாப்பாரப்பட்டி பக்கம் எந்த ஊரு, யாரு வீடு?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1987-ல் ஊரைவிட்டுப் போனோம். 1998-ல் கடைசி ஒரு ஏக்கர் மானாவாரியையும் விற்றாயிற்று. அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது?

2024 மே மாதம் அப்படி நழுவ முடியாமல் போனது. பெங்களூரிலேயே பிறந்து பன்னிரண்டாவது வரை அங்கேயே படித்த என் மகள், பொறியியலுக்குத் தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் சேர வேண்டும் என்றாள். எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டில் படித்த பிள்ளைகளுக்குச் சிக்கல் இல்லை. வெளிமாநிலத்தில் படித்திருந்தால், குடும்பம் தமிழ்நாட்டைச் சேர்ந்ததுதான் என்று காட்ட நேட்டிவிட்டி சான்றிதழ் வேண்டும். பிறப்பிடச் சான்று. என் மனைவி கோலார் தங்கவயல் தமிழர். தாத்தா காலத்திலேயே சுரங்க வேலைக்குப் போன குடும்பம். அந்தப் பக்கம் நூலை எங்கே பிடிப்பது என்றே தெரியாது. ஆக, என் பக்கம்தான்.

முதலில் ஒரு தப்பு செய்தேன். பெங்களூரில் உட்கார்ந்தபடியே, தெரிந்தவர் ஒருவர் மூலமாக இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டேன். கட்டணம் அறுபது ரூபாய். இணைத்தது என் ஆதார், மகளின் மார்க் ஷீட். இரண்டிலும் பெங்களூர் முகவரி. பத்து நாளில் திரும்பி வந்துவிட்டது. கோபம் வந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். பெங்களூர் முகவரி போட்ட இரண்டு காகிதத்தை வைத்துக்கொண்டு "இவர் நம்ம ஊர்க்காரர்" என்று எந்த வி.ஏ.ஓ. எழுதிக் கொடுப்பார்? நம்மைப் போல வெளியே போன குடும்பங்கள் இந்த வேலையைத் தொடங்க வேண்டிய இடம் இ-சேவை மையம் இல்லை, வீட்டுப் பரண்.

அம்மாவின் தகரப் பெட்டியை இறக்கினேன். பாச்சை உருண்டை வாசம். தாத்தா நிலம் வாங்கிய பத்திரத்தில் "சேலம் ஜில்லா, தர்மபுரி தாலுகா" என்று இருந்தது. பத்திரம் தப்போ என்று ஒரு நிமிஷம் பயந்தேன். தப்பில்லை. தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல். அதுவரை எல்லாம் சேலம்தான். அம்மா பிறந்த காவேரிப்பட்டணம் 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். அம்மா பிறந்த வீடு இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று மூன்று மாவட்டத்தைப் பார்த்துவிட்டது. இந்தப் பக்கத்துப் பழைய காகிதங்களைத் தேடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும். பழைய பத்திரத்தில் மாவட்டப் பெயரைப் பார்த்து "இது நம்மது இல்லை" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பெட்டியின் அடியில் இன்னொன்றும் இருந்தது. நீளவாக்கில் தைத்த கோடு போட்ட நோட்டு. அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே "லாபம்" என்று ஒரு சொல். என் காதுகுத்துக்கு 1983-ல் வந்த மொய் நோட்டு. முதலில் "உள்ளூர்" என்று தலைப்பு போட்டு நான்கு பக்கம். அப்புறம் ஊர் ஊராக: மாரண்டஅள்ளி, பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம், காவேரிப்பட்டணம். ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய், பதினொன்று. "ராகி 8 படி" என்று ஒரு வரி. தாய்மாமன் பெயருக்கு நேரே "தோடு 1 ஜோடி".

வம்ச வரலாறு தேடுகிறேன் என்று பலர் பெரியவர்களிடம் போய் "நம்ம பூர்வீகம் என்ன தாத்தா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அல்லது எல்லாரும் ராஜா காலத்துக் கதை ஒன்றைச் சொல்வார்கள். மொய் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். "இது யாரு? நமக்கு எப்படிச் சொந்தம்?" என்று கேளுங்கள். அம்மா இரண்டு ராத்திரியில் 212 பேரையும் சொல்லி முடித்தார். நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். வருஷம் கேட்டால் அம்மாவுக்குத் தெரியாது. "இந்திரா காந்தி செத்ததுக்கு முன்னயா பின்னயா? எம்.ஜி.ஆர். செத்ததுக்கு?" என்று கேட்டால் டக்கென்று வரும். 1984, 1987. அந்த இரண்டு முளைக்குச்சியை அடித்துவிட்டு மற்றதையெல்லாம் கயிறு கட்டலாம்.

அந்த 212 பேரில் ஒரு பெயர் இல்லை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். காரில் போகலாம் என்றாள், வேண்டாம் என்றேன். பல வருஷம் போகாத ஊருக்குள் காரில் போய் இறங்கினால் இரண்டு விதமாகத்தான் பார்ப்பார்கள்: நிலம் வாங்க வந்தவன், இல்லை கடன் வசூலுக்கு வந்தவன். தர்மபுரியில் முன்பக்கம் ரோஸ் கலர் அடித்த டவுன் பஸ் ஏறினோம். கண்டக்டர் எனக்குக் காசு வாங்கிக்கொண்டு, மகளுக்கு ஒன்றும் கேட்காமல் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "ஆதார் கேக்கலையே?" என்று ஆச்சரியப்பட்டாள். கர்நாடகாவில் அவள் இலவசமாகப் போக அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். சான்று வாங்கத்தான் போகிறோம், அதற்கு முன்பே ஒரு சீட்டு கையில் கிடைத்துவிட்டது என்று சிரித்தாள்.

பாப்பாரப்பட்டியில் இறங்கி சுப்பிரமணிய சிவா நினைவிடத்தைக் காட்டினேன். வத்தலக்குண்டில் பிறந்தவர்; சிறையில் தொழுநோய் வந்து, ரயிலில் ஏறக்கூடாது என்று தடுக்கப்பட்ட பிறகு நடந்தே ஊர் ஊராகப் போனவர். 1925 ஜூலை 23-ல் இங்கே இறந்தார். எங்கள் பக்கம் யாரும் அவரை வத்தலக்குண்டுக்காரர் என்று சொல்ல மாட்டார்கள். இங்கே பிறந்த என்னைப் பெங்களூர்க்காரன் என்பார்கள்.

அங்கிருந்து எங்கள் ஊருக்கு ஷேர் ஆட்டோ. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இது நான் யோசித்துச் செய்தது, பலித்தது: வி.ஏ.ஓ. அலுவலகம் இரண்டாவது, பள்ளிக்கூடம் முதலில். நிலம் கைமாறும், ரேஷன் கார்டு ரத்தாகும், வாக்காளர் பட்டியலில் பெயர் போய்விடும். தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிய பெயர் எங்கேயும் போகாது. கையோடு ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக்கொண்டு போங்கள்: பெயர், அப்பா பெயர், சேர்ந்த வருஷம், எதற்காகக் கேட்கிறோம். வாய்மொழியாகக் கேட்டால் "தேடிப் பாக்கறோங்க" என்பார்கள். மனு கையில் இருந்தால் தேடுவார்கள்.

கோடை விடுமுறை. ஆனாலும் தலைமை ஆசிரியை ஏதோ வேலையாக வந்திருந்தார். பீரோவிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். காகிதம் பழுப்பேறி, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. 1982-க்குப் புரட்டினார். ஜூலை மாதம் மட்டும் ஒரு பக்கம் பிதுங்கியது. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் அந்த ஜூலை 1-ல் தொடங்கியது. மாடு மேய்க்கப் போன பிள்ளைகளையெல்லாம் அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். நானும் அப்படிப் போனவன்தான். ஜூலை 5, திங்கள்கிழமை. வரிசை எண் 42.

பிறந்த தேதி 1-6-1977. அது பொய். எங்கள் வீட்டில் யாருக்கும் என் பிறந்த தேதி தெரியாது. "ஆடி மாசம், ராத்திரி, மழை" என்பதோடு சரி. அன்றைக்குத் தலைமை ஆசிரியர் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். தொட்டால் ஐந்து வயசு. அவராக ஒரு ஜூன் முதல் தேதியைப் போட்டுக்கொண்டார். எனக்கு முன்னால் நின்ற பையனும் தொட்டான். வரிசை எண் 41. அவனுக்கும் 1-6-1977.

நான் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தேன். "இவன் இப்ப எங்க இருக்கான்னு தெரியுமா மேடம்?"

அவர் பெயரைப் படித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "ஏங்க, இங்க வாங்க."

பள்ளிக்கூடத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஆள், லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றி, காலையிலும் சாயங்காலமும் வால்வைத் திறந்து தெருத்தெருவாகத் தண்ணீர் விடுகிறவர். என்னைப் பார்த்து, "சொல்லுங்க சார், யாரைப் பாக்கணும்?" என்றார். நான் சிரித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பல்லைப் பார்த்தார். அப்புறம் அவர் சிரித்தார். முன்பல் இரண்டிலும் குறுக்கே காவி நிறப் பட்டை. எனக்கு இருப்பது போலவே.

"நம்மூரு தண்ணி குடிச்சவங்களா?" என்றார். நான் அப்பா பெயரைச் சொன்னேன்.

இந்தப் பல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறையில் ஃப்ளோரைடு அதிகம். கிணற்றிலும் போர்வெல்லிலும் அது கரைந்து வரும். குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது என்பது கணக்கு. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது எட்டு வயது வரைக்கும், அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல் முளைக்கும்போதே கறையோடு முளைக்கும். அதற்குப் பிறகு குடித்தால் பல் கறையாகாது. எலும்பும் மூட்டும்தான் பிடித்துக்கொள்ளும். பெங்களூரில் பிறந்த என் தங்கைக்குப் பல் பளிச்சென்று இருக்கும். எனக்குக் காவி. ஒரே வீடு, ஒரே பேஸ்ட்.

பெங்களூரில் சேர்ந்த பள்ளியில் ஒரு டீச்சர் என்னை முன்னால் நிற்கவைத்து, "பல் விளக்காமல் வந்தால் இப்படித்தான்" என்று வகுப்புக்குக் காட்டினார். அன்றைக்குச் சாயங்காலம் செங்கல் தூளை வைத்து ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்தேன். வாயை மூடிச் சிரிக்கிற பழக்கம் அப்போது வந்தது. கல்யாண போட்டோவிலும் வாய் மூடித்தான் இருக்கிறேன். பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன்: இந்தக் கறை தேய்த்தால் போகாது, பிள்ளையை அடித்தாலும் போகாது. பல் டாக்டரிடம் போனால் மேலே பூச்சு வைத்து மறைக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, வீட்டில் போர்வெல் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தால் பரிசோதித்துப் பார்ப்பது. சும்மா கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அப்பா பெயரைச் சொன்னதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொன்னான். எனக்கு அது குத்தியது. நான் "டேய்" என்று கூப்பிட்டேன். அவன் திரும்ப "சொல்லுங்க" என்றான். இந்த இடத்தில் நான் அவசரப்பட்டிருந்தால், தோளில் கை போட்டு, போட்டோ எடுத்து, எதையாவது செய்து காட்டியிருந்தால், அவன் கடைசிவரை என்னை "சார்" என்றே கூப்பிட்டிருப்பான் என்று நினைக்கிறேன். பேசாமல் அவனோடு தொட்டியைக் கழுவப் போனேன். எனக்கு எலக்ட்ரிகல் காண்ட்ராக்ட் வேலை. மோட்டார் ஸ்டார்ட்டர் ஒன்று கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, அதைக் கழற்றிப் பார்த்தேன். காண்டாக்ட் கருகியிருந்தது. உப்புத்தாள் கேட்டேன். "ஏன்டா, மெயின ஆஃப் பண்ணாமலே கைய வெக்கற?" என்றான். அவ்வளவுதான். முப்பத்தேழு வருஷம் அந்த "டா"வில் கழிந்துபோனது.

வீட்டுக்கு வா என்று சொல்ல அவன் கொஞ்சம் யோசித்தான். எனக்கு ஏன் என்று தெரியும். அவன் வீடு காலனியில். சின்ன வயசில் நாங்கள் ஒன்றாக மாங்காய் அடித்தோம், வறுத்த புளியங்கொட்டையை டிராயர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நாளெல்லாம் மென்றோம், சத்துணவுக்கு ஒரே வரிசையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆனால் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டினால் அவன் ஒரு வழி, நான் ஒரு வழி. அவன் எங்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அவன் அம்மா, எட்டு வயசுப் பையனான என்னை "வாங்க தம்பி" என்பார். என் அம்மா, தன்னைவிட மூத்த அவரைப் பெயர் சொல்லி "வா, போ" என்பார். அதில் ஏதோ கோணல் இருப்பதாக எனக்கு அந்த வயசில் படவே இல்லை.

1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததை ஒட்டி பெங்களூரில் கலவரம் நடந்தது. தமிழர் ஷெட்டுகளை எரித்தார்கள். நாங்கள் போட்ட துணியோடு ஓடிவந்தோம். எங்கள் ஷெட்டைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு, "யாரும் தொடாம பாத்துக்கறேன்" என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பியது பக்கத்து வீட்டுப் பாட்டி. சொன்னபடி காத்தும் கொடுத்தார். ஊரில் பெரியப்பா வீட்டில் இருபது நாள் இருந்தோம். பத்து நாளுக்குப் பிறகு பாத்திரம் வைக்கிற சத்தமே மாறிவிட்டது. ஒரு சாயங்காலம் அவன் அம்மா ஒரு கூடை ராகியோடு வந்து வாசலில் நின்றார். என் அம்மா முறத்தை நீட்ட, அவர் தூர நின்றே அதில் கொட்டினார். ராகி அம்மா கையில் படவில்லை, முறத்தில்தான் விழுந்தது. பதினாலு வயசில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எங்களுக்கு அந்த ராகி தேவையாக இருந்தது.

இப்போது மொய் நோட்டுக்கு வருகிறேன். என் காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே நின்று பந்தல் போட்டது அவன் அப்பா. அந்த 212 பேரில் இல்லாத பெயர் அவருடையது. பணம் கொடுக்கவில்லையா, கொடுத்தும் எழுதவில்லையா, கொடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லையா? அம்மாவிடம் கேட்டேன். "அவங்கள்லாம் அப்ப எழுதறதில்ல" என்றார். பழைய காகிதத்தில் வேரைத் தேடும்போது எழுதாமல் விட்ட பெயர்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அவன் பெயரும் என் பெயரும் அடுத்தடுத்து இருந்த ஒரே காகிதம் அந்தச் சேர்க்கைப் பதிவேடு.

அவனிடமும் சொன்னேன். "எந்த ஊருன்னு கேட்டா சொல்லத் தெரியாம முழிக்கறேன்டா" என்று. அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னான்: "உனக்கு ஊரு காணாமப் போச்சுன்னு கவலை. எனக்கு ஊருன்னாலே அந்தப் பக்கம். இது காலனி." கோபமாகச் சொல்லவில்லை. மணி ஐந்தரை ஆகிவிட்டது, வால்வு திறக்கணும் என்று எழுந்துகொண்டான். அவனோடு போனேன். 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்; காவிரித் தண்ணீர் இரண்டு மாவட்டத்துக்கும் வருகிறது. நீளமான இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டு ஒன்பது சுற்று சுற்றினான். முதலில் காலனி, அப்புறம் ஊர். "தினமும் மாத்தி மாத்தி விடுவேன். இன்னிக்கு இவங்க முறை. இல்லன்னா சண்டைக்கு வருவாங்க, ரெண்டு பக்கமும்" என்றான். ஒரு வீட்டு வாசலில் அப்போதே குடத்தோடு நின்ற ஆறாவது படிக்கிற பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரித்தது. பல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

அன்றைக்கு ராத்திரி அவன் வீட்டில் களி. அவன் அம்மா எண்பதை நெருங்கிவிட்டார், கண் சரியாகத் தெரியாது. மருமகள் பானை நழுவாமல் கவட்டைக் கம்பால் அழுத்தி மிதித்துக்கொண்டு, துடுப்பால் கிண்டினாள். கொள்ளுக் கடைசல். உருண்டையின் நடுவில் குழி பறித்து அதில் ஊற்றினாள். என் மகள் களியைச் சோறு மாதிரி மென்றாள்; அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "மெல்லாத பாப்பா, முழுங்கு" என்று பாட்டி சொல்லச் சொல்ல, அவள் கண்ணில் தண்ணீர் வந்து எல்லாரும் சிரித்தோம். நான் மட்டும் ஏதோ பெரிய காரியம் செய்கிறவன்போல உருகிப்போய் உட்கார்ந்திருந்தேன் போல. அவன் பார்த்துவிட்டு, "களி தின்றதுக்கு மூஞ்சிய ஏன்டா அப்படி வெச்சிருக்க? ஆறிடும், தின்னு" என்றான்.

மறுநாள் வி.ஏ.ஓ. அலுவலகம். பதிவேட்டுப் பக்கத்தின் நகல், தலைமை ஆசிரியை கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம், தாத்தா பத்திரம், மகளின் பிறப்புச் சான்று. இனிஷியல் குழப்பம் ஒன்று இருந்தது: பதிவேட்டில் ஓர் எழுத்து இனிஷியல், பெங்களூர் ஆவணங்களில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஓர் உறுதிமொழி எழுதி நோட்டரி வாங்கி வைத்திருந்தேன், உதவியது. உள்ளூர் விசாரணை என்று வி.ஏ.ஓ. இரண்டு பேரைக் கேட்டார். ஒருவன் அவன். இன்னொருவர் பழைய சத்துணவு ஆயா. என்னை உற்றுப் பார்த்து, "பருப்ப ஒதுக்கி ஒதுக்கி வெக்குமே, அந்தப் புள்ள" என்றார். தலையாரி, "இதுக்கு எதுக்குங்க சாட்சி? பல்லப் பாத்தாலே தெரியுதே" என்றார். வி.ஏ.ஓ. அதை எழுதிக்கொள்ளவில்லை. மறுபடி அறுபது ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். இந்த முறை வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொரு படியாக ஏறி, இரண்டு வாரத்தில் சான்று வந்தது.

சான்று கிடைத்த சூட்டில் இன்னொரு தப்பு செய்யப் பார்த்தேன். விற்ற நிலத்துக்குப் பக்கத்தில் முப்பது சென்ட் வருகிறது என்று ஒரு புரோக்கர் சொன்னார். உடனே அட்வான்ஸ் கொடுக்கத் துடித்தேன். அவன்தான் நிறுத்தினான். "வழி எங்க இருக்குன்னு கேட்டியா?" கேட்கவில்லை. பார்த்தால் ஐந்து பேர் பெயரில் கூட்டுப் பட்டா, வண்டி போக வழி கிடையாது, வில்லங்கச் சான்றில் ஒரு அடமானம் தீராமல் நிற்கிறது. ஊர்ப் பாசம் கண்ணை மறைக்கிற நேரத்தில் நிலம் வாங்காதீர்கள். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் இணையத்தில் பார்க்கலாம். வழியைக் காலால் நடந்துதான் பார்க்க வேண்டும்.

மகளுக்கு ஊர் பிடித்ததா என்று கேட்கிறார்கள். களி பிடிக்கவில்லை, பாட்டியைப் பிடித்தது. நான் உருகுவதுபோல அவளும் உருக வேண்டும் என்று எதிர்பார்த்தது என் பேராசை. அவள் எட்டு வயது வரை குடித்தது பெங்களூர்த் தண்ணீர்.

ஜூன் முதல் தேதி காலையில் இப்போது அவனுக்கு போன் பண்ணுகிறேன். "பொறந்த நாள் வாழ்த்துடா" என்றால், "யாருக்கு?" என்பான். "ஹெட்மாஸ்டருக்கு."

போன ஆவணியில் அவன் மகளுக்குக் கல்யாணம். பாப்பாரப்பட்டியில் மண்டபம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டார் என்று நினைத்தேன், வந்தார். அவன் அம்மாவின் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார், என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மொய் எழுதும் மேசைக்குப் போனேன். காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் பேனாவைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பேரு சொல்லுங்க அண்ணா." சொன்னேன். "எந்த ஊருன்னு எழுதட்டும்?"

பெங்களூர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தாம்பூலப் பைகளை அள்ளிக்கொண்டு பின்னால் போன அவன், நிற்காமலே, "உள்ளூருன்னு எழுதுடா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பையன் பேனாவை மூடினான். "உள்ளூருக்குத் தனி நோட்டுங்க அண்ணா. அந்த மேசை." அங்கே ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். போய்க் கடைசியில் நின்றேன்.